ஆழ்மன ஆய்வும் உபகாரச் சம்பளமும்

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, கோலாகங்சார் செல்லும் வழியில் அமைந்த ஊர் சுங்கை சிப்புட். அதனைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களே நெடுங்காலம் அவ்வூரின் வாழ்வாக இருந்தன. வரலாற்று நூல்கள் அவ்வூரைப் பெரும்பாலும் ஒரு நாளின் பொருட்டே நினைவுகூர்கின்றன. 1948 ஜூன் 16ஆம் நாள் அவ்வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது.

அவ்வூருக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. அதற்குக் கிழக்கே, புளுஸ் ஆற்றின் தலைப்பகுதியிலும் அதற்கப்பாலுள்ள பேராக்–கிளந்தான் எல்லை மலைகளிலும் தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். அம்மக்களின் கனவுகளைச் சான்றாகக் காட்டி அயலார் ஒருவர் வகுத்த கொள்கை, அமெரிக்க நாட்டு உளவியல் ஆர்வலர் பலரைப் பல்லாண்டுகள் ஆட்கொண்டது. அக்கொள்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது பின்னர் எடுத்துக் காட்டப்பட்டது. அப்பிழை நேர்ந்த விதத்தை ஆராய்வது, ஆழ்மன உளவியலைக் கற்க விழையும் தமிழ் மாணவர்க்கும், அவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்க முன்வரும் அமைப்புகளுக்கும் ஒருங்கே பயன்தரும்.

துறையும் தமிழ் மரபும்

மனிதனின் விழிப்பு நிலைக்கு எட்டாத மனப்பகுதியை ஆராய்வது ஆழ்மன உளவியல். 1900ஆம் ஆண்டினைத் தாங்கி வெளிவந்த பிராய்டின் கனவு விளக்க நூல் இத்துறைக்கு அடிகோலியது. அடக்கப்பட்ட விருப்பங்கள் கனவில் வேறு உருக்கொண்டு தோன்றுகின்றன என்றார் பிராய்டு. அவரிடமிருந்து பிரிந்த யுங், தனி மனிதனின் நினைவுகளுக்கும் அடியில் மனித குலத்துக்குப் பொதுவான ஒரு நனவிலி உண்டு என்றும், அதில் உறையும் தொல்படிமங்களே புராணங்களிலும் கனவுகளிலும் கவிதைகளிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றன என்றும் கொண்டார். அன்னை, முதியவர், நிழல் முதலானவை அவர் எடுத்துக்காட்டிய படிமங்களுட் சில. இக்கருத்தினை 1934இல் மாட் போட்கின் கவிதைத் திறனாய்வுக்குப் பயன்படுத்தினார். 1957இல் நார்த்ராப் பிரை இலக்கிய வகைகள் அனைத்துக்கும் தொல்படிம அடிப்படையில் ஓர் அமைப்பை வகுத்தார்.

யுங்கின் கொள்கையில் மறக்கலாகாத ஒரு நுட்பம் உண்டு. படிமத்தின் அச்சு மட்டுமே பொதுவானது. அதில் நிறையும் உருவம் அவ்வப் பண்பாட்டுக்கும் அவ்வம் மனிதனுக்கும் உரியது என்பது அவர் துணிபு. இந்நுட்பத்தை மறந்து, எங்கும் ஒரே உருவத்தைத் தேடியவர்களே இத்துறையில் இடறினர்.

தமிழ் மரபு கனவினை அறியாததன்று. இரவின் எந்த யாமத்தில் கண்ட கனவு எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று வகுத்துரைக்கும் பொன்னவனாரின் கனாநூல் தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையோ கனவு உரைக்கப்படும் சூழலையே ஒரு நாடகமாக்கிக் காட்டுகிறது. கண்ணகி தான் கண்ட தீக்கனவினைத் தோழி தேவந்தியிடம் கூறுகிறாள். தேவந்தி நீராடலும் காமவேள் வழிபாடும் பரிகாரமெனக் கூறுகிறாள். கண்ணகி அது தனக்குப் பெருமை தருவதன்று என மறுத்துவிடுகிறாள். கனவு காண்பவள் ஒருத்தி. அதற்கு வழி சொல்பவள் மற்றொருத்தி. ஆயினும் கனவின் பொருளை ஏற்பதும் மறுப்பதும் கண்டவளின் உரிமையாகவே நிற்கிறது. ஆழ்மன ஆய்வாளன் முதற்கண் கற்க வேண்டிய பாடம் இதுவே எனலாம்.

தெமியார் கனவுக் கொள்கை

1930களில் தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகத்தின் சார்பில் பூர்வகுடி மக்களை ஆராய்ந்தவர் எச். டி. நூன். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர் தெமியார் மொழியைக் கற்று, அம்மக்களிடையே மணமும் புரிந்து, 1936இல் அவர்தம் குடியிருப்புகளையும் நலனையும் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டார். 1943இல், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், காட்டிலேயே மறைந்தார்.

நூனுடன் 1934இல் காட்டுக்குள் சென்றவர் கில்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்க உளவியலார். 1938இலும் மீண்டும் வந்தார். அவர் அங்குத் தங்கியது குறுகிய காலம்; அம்மக்களின் மொழியை அவர் அறிந்திலர்; நூனையும் மொழிபெயர்ப்பாளரையும் சார்ந்தே கனவுகளைத் திரட்டினார். 1951இல் மலாயாவின் கனவுக் கொள்கை என்ற கருத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். காலை உணவின்போது குடும்பத்தார் கூடிக் குழந்தைகளின் கனவுகளைக் கேட்டு ஆராய்கின்றனர் என்றும், கனவில் வரும் பகையை எதிர்த்து நின்று அதனிடம் பரிசில் பெறுமாறு குழந்தைகளைப் பழக்குகின்றனர் என்றும், அதனாலேயே வன்முறையும் மனநோயும் அங்கு இல்லை என்றும் அதில் எழுதினார். 1969இல் அக்கட்டுரை ஒரு தொகுப்பில் மறுபதிப்பாயிற்று. அதன்பின் கனவுப் பயிற்சி வகுப்புகள் அமெரிக்காவில் பெருகின.

மொழியறிந்து அம்மலைத்தொடரில் நெடுநாள் தங்கியவர்கள் கண்டது வேறு. செமாய் மக்களிடையே 1960களில் வாழ்ந்த ராபர்ட் டென்டன் இத்தகைய காலைக் கனவுப் பயிற்சியைக் காணவில்லை. 1985இல் வில்லியம் டாம்ஹாப் சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்து, ஸ்டூவர்ட்டின் கொள்கைக்கு அடிப்படை இல்லை என நிறுவினார். 1991இல் வெளிவந்த மரினா ரோஸ்மனின் நூல் தெமியார் கனவின் உண்மையான இடத்தைத் தெளிவாக்குகிறது. மரம், மலை, ஆறு, விலங்கு ஆகியவற்றின் ஆவி கனவில் தோன்றி ஒரு பாட்டைக் கொடுக்கிறது. கனவு கண்டவர் அப்பாட்டினைக் கூட்டத்தின் நடுவே பாட, மகளிர் மூங்கில் குழாய்களைத் தட்டியவாறு பின்பாட்டு இசைக்கின்றனர். நோய் தீர்க்கும் சடங்கில் அப்பாட்டே மருந்தாகிறது. ஸ்டூவர்ட் மருத்துவக் கூடத்தின் உரையாடலைத் தேடினார், அங்கிருந்ததோ இசை.

ஸ்டூவர்ட் தெமியார் மக்களை இழித்துரைத்தவர் அல்லர், மிகப் புகழ்ந்தவர். ஆயினும் அப்புகழுரை அம்மக்களின் சொல்லிலிருந்து பிறக்கவில்லை. போர்களால் சோர்வுற்ற ஒரு நாகரிகம் தான் காண விரும்பிய அமைதி உலகினை அம்மலைமேல் ஏற்றிப் பார்த்தது. மொழி தெரியாத இடத்தில் ஆராய்பவனின் கனவே ஆராயப்படுபவனின் கனவாக எழுதப்பட்டுவிடுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

புரவலரும் துறையும்

ஒரு துறை வளர்வதற்கு அறிஞரின் அறிவுடன் புரவலரின் பொருளும் தேவை. ஆழ்மன உளவியலின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1945இல் பால் மெல்லன், மேரி மெல்லன் என்னும் அமெரிக்கச் செல்வத் தம்பதியர் பொலிங்கன் அறநிறுவனத்தை நிறுவினர். சூரிச் ஏரிக்கரையில் யுங் தமக்கெனக் கல்மாடம் எழுப்பிய சிற்றூரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. யுங்கின் நூல் தொகுதிகள் ஆங்கிலத்தில் வெளிவந்ததும், ஹைன்ரிக் சிம்மரின் இந்தியக் கலை பற்றிய ஆய்வுகள் அச்சேறியதும், ஜோசப் கேம்பலின் வீரர் கதை ஆய்வு 1949இல் பதிப்பிக்கப்பட்டதும் அந்நிறுவனத்தின் வரிசையிலேதான். நூல் வெளியீட்டுடன், குறியீடுகளையும் புராணங்களையும் ஆராய்வோர்க்கு உதவித்தொகைகளையும் அது வழங்கியது.

அக்கொடையின்றேல் தொல்படிமத் திறனாய்வு பல்கலைக்கழக வகுப்பறைகளை இவ்வளவு விரைவில் எட்டியிருக்காது. அக்கொடையின் திசையும் கருதத்தக்கது. கீழ்த்திசைப் புராணங்கள் அங்கு ஆராயப்பட்டன. ஆராய்ச்சியின் வினாக்கள் பெரும்பாலும் மேல்திசையில் எழுந்தன. பொருள் கொடுப்பவர் எங்கிருக்கிறாரோ, வினாவும் பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கிறது.

வினாவினைத் திருப்பியவர்

தாய்மொழியில் கால் ஊன்றிய ஒருவர் இத்துறையில் என்ன செய்ய இயலும் என்பதற்கு ஏ. கே. இராமானுஜன் சான்றாவார். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் 1929இல் பிறந்த அவர், மதுரைத் தியாகராசர் கல்லூரி உள்ளிட்ட இடங்களில் ஆசிரியப் பணி புரிந்தார். புல்பிரைட் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவிலுள்ள இந்தியானாப் பல்கலைக்கழகம் சென்று மொழியியல் கற்றார். அவர் கன்னட நாட்டில் ஒரு மூதாட்டியிடம் கேட்டெழுதிய கதை ஒன்று, தன் மகனையே அறியாது மணக்க நேர்ந்த ஒருத்தியின் கதை. உண்மை தெரிந்த பின் அவள் தன் குழந்தையைத் தொட்டிலில் இட்டு, மகனே என்றும், பேரனே என்றும், கணவனின் தம்பியே என்றும் அழைத்துத் தாலாட்டி, உயிர் நீக்கிறாள்.

பிராய்டின் கொள்கைக்கு அடிப்படையான கிரேக்கக் கதையில் தலைமைப் பாத்திரம் மகன். இக்கதையில் தாய். பெண்கள் பெண்களுக்குச் சொல்லும் கதையாதலின் துன்பத்தின் நடு அவள்பால் அமைந்தது. மேலும், இந்தியக் கதைகளில் மகன் தந்தையை வெல்வதினும், தந்தையின் பொருட்டு மகன் தன்னை இழப்பதே மிகுதி என்றும் இராமானுஜன் காட்டினார். தமிழ் மாணவர் இதனைத் தம் பாடநூல்களிலிருந்தே விரித்துக் காணலாம். சிறுத்தொண்டர் வரலாற்றில் சீராளனும், தேர்க்காலில் கன்று மடிந்தமைக்காக உயிர் இழந்த சோழன் மகனும் தந்தையரின் அறத்துக்குப் பலியானவர்களே. கிரேக்க அச்சினை இவற்றின்மேல் வைத்து அழுத்தினால் கதை உடையுமேயன்றி விளங்காது.

இராமானுஜன் பெற்ற உபகாரச் சம்பளமும் அயல்நாட்டுப் பொருளே. ஆயினும் அவர் வினாவினைத் தம்முடன் கொண்டு சென்றார். ஒரு தாலாட்டின் உறவுப் பெயர்களில் முழுத் துன்பமும் அடங்கியிருப்பதை அவ்வுறவுப் பெயர்களோடு வளர்ந்த செவியே கேட்கும்.

திரும்பி வந்த மகன்

உபகாரச் சம்பளம் தன் பணியை எப்போதும் செய்துவிடுமா என்னும் வினாவுக்கு மலேசிய இலக்கியத்திலேயே ஒரு விடை கிடைக்கிறது. கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981இல் வெளியிட்ட புதினம் திரும்பி வருதல் என்னும் பொருள்படும் தலைப்புடையது. பெரியத்தாய் என்னும் பாட்டி தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளுடன் வந்து, ஊர் ஊராகப் பொருள் விற்று, ஒரு வீட்டையும் எழுப்புகிறாள். நிலம் அவளுக்குச் சொந்தமாகவில்லை. பேரன் ரவி ஆங்கிலக் கல்வி பெற்று, ஆசிரியப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று திரும்புகிறான். அவன் தந்தை நைனா ஆற்றங்கரையில் நிலம் திருத்தி வீடு கட்டி, தமிழும் மலாயும் சீனமும் கலந்த தம் சொந்த மந்திரத்தை ஓதி, அம்மண்ணின் தெய்வத்தை அழைக்கிறார். படித்த மகனுக்கு அது நாணத்தைத் தருகிறது. முடிவில் நைனா அவ்வீட்டுடன் தம்மையும் எரித்துக்கொள்கிறார்.

தொல்படிமத் திறனாய்வு இங்கு மண்ணன்னையையும் பலியையும் எளிதிற் கண்டுகொள்ளும். அதனினும் கூர்ந்த செய்தி ஒன்று புதினத்தில் உண்டு. தந்தையின் கலப்பு மொழி பிதற்றலன்று. மூன்று இனத்தார் வாழும் மண்ணில் அம்மண்ணின் தெய்வத்தோடு பேச மூன்று மொழியும் வேண்டும் என அவர் உள்மனம் துணிந்ததன் விளைவு அது. அதனைக் கேட்டறியத்தக்க கல்வி மகனுக்குக் கிடைத்திருந்தும், கேட்கும் பொறுமை கிடைக்கவில்லை. ஸ்டூவர்ட் மொழியறியாமையாற் பிழைத்தார். ரவியோ மொழி அறிந்தும் பிழைத்தான். கடல் கடந்து கற்பிக்கும் கல்வி வீட்டின் குரலை நாணத்துக்குரியதாக மாற்றிவிடுமாயின், அக்கல்விக்குச் செலவிட்ட பொருள் பாதிப் பயனே தரும்.

தோட்டத்தின் எல்லைத் தெய்வம்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் பேராக்கின் பிற தோட்டப் பகுதிகளிலும் ஆழ்மன ஆய்வுக்குரிய பொருள் குறைவன்று. லயங்களுக்கு நடுவே மாரியம்மன். தோட்டத்தின் எல்லையில், பெரும்பாலும் ஒரு பெருமரத்தடியில், முனியாண்டி. சுருட்டும் சாராயமும் சேவலும் பெறும் அத்தெய்வத்தை அயலிலிருந்து வரும் ஆய்வாளர் கேம்பலின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் காக்கும் படிமம் என்று ஒரு வரியில் எழுதிச் சென்றுவிட இயலும். அவ்வரி தவறானதன்று, போதாதது.

தோட்டத்து மக்கள் அத்தெய்வத்தை முனியய்யா என அழைப்பர். கணக்கெழுதும் கிராணியாரையும் அவர்கள் ஐயா என்றே அழைத்தனர். பெரட்டுக் களத்தில் பணிந்து சொன்ன சொல்லும், இரவில் எல்லை மரத்தடியில் அஞ்சிச் சொன்ன சொல்லும் ஒன்றே. இவ்விரண்டு ஐயாக்களுக்கும் இடையிலுள்ள உறவு யாது? ஒன்றின் அதிகாரத்தை மற்றொன்று வலுப்படுத்திற்றா, அன்றி, அதற்கும் மேலான ஒரு காவலைக் காட்டி மக்களைத் தாங்கிற்றா? இவ்வினாவுக்கு விடை காணத் தொல்படிமக் கொள்கை மட்டும் போதாது. கூலிமுறையின் வரலாறும் வேண்டும். தமிழ் வீரநிலைக் கவிதையைச் சமூக வரலாற்றின் துணையால் ஆராய்ந்து 1968இல் நூல் வெளியிட்ட க. கைலாசபதியின் நெறியும் இங்குத் துணையாக வேண்டும். மனத்தை மட்டும் காண்பவர் பசியை மறப்பர். பசியை மட்டும் காண்பவர், பசித்தவன் கண்ட கனவை மறப்பர்.

காலமும் காத்திருக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பர் நின்ற இடங்களிற் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. லயத்து மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். எல்லை அழிந்த பின் எல்லைத் தெய்வம் எங்கு நிற்கிறது என்பதும், அடுக்குமாடி வீட்டில் அத்தெய்வம் எந்த உருவிற் கனவில் வருகிறது என்பதும் ஆராயப்பட வேண்டியவை. லய வாழ்வினை நேரில் அறிந்த முதியோர் ஆண்டுதோறும் மறைந்து வருகின்றனர். அவர்களோடு அவர்கள் அறிந்த ஒப்பாரியும் தாலாட்டும் கனவுக் குறிப்பும் மறையும்.

உபகாரச் சம்பளம் யாருக்கு?

கல்விக்குப் பொருள் சேர்த்தலில் மலேசியத் தமிழருக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கிய காலத்தில், அங்குத் தமிழ் நிலைபெற வேண்டுமென முனைந்த கோ. சாரங்கபாணி, தமிழ் எங்கள் உயிர் என்னும் நிதியைத் திரட்டினார். சுங்கை சிப்புட்டிலேயே 1919இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற துன் வீ. தி. சம்பந்தன், அவ்வூரில் மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் திறக்கப்படக் காரணமாயிருந்தார். தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு தொகைகள் ஒன்றுசேர்ந்து தோட்டங்களையே விலைக்கு வாங்கின. 1984இல் தொடங்கிய எம்.ஐ.இ.டி. போன்ற அமைப்புகள் பின்னர் மாணவர் பலருக்குக் கைகொடுத்தன.

இவ்வுதவிகள் மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகியவற்றை நாடுவோரையே பெரிதும் சென்றடைவதில் வியப்பில்லை. பால்வாளி சுமந்த பெற்றோர், தம் மக்கள் அச்சுமையினின்று நீங்க வேண்டும் எனக் கருதினர். அக்கருத்து மதிக்கத்தக்கது. ஆழ்மன ஆய்வு வயிறு நிரம்பியோரின் ஆடம்பரம் என்னும் தடை அதனாலேயே எழுகிறது.

அத்தடைக்கு விடை ஈப்போவுக்கு அருகிலேயே உள்ளது. தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் மனநல மருத்துவமனை இயங்கி வருகிறது. மலேசியர் நாவில் அவ்வூர்ப் பெயரே பித்துக்கு மறுபெயராய்ப் பரிகாசத்துக்கு உள்ளானது. மனம் கலங்கிய ஒரு தமிழ்ப் பெண், தன்மேல் அம்மன் இறங்கினாள் என்று ஒரு மருத்துவரிடம் சொல்வதாகக் கொள்வோம். அச்சொல் திருவிழாவில் மதிப்புப் பெறும் ஒரு நிலையைக் குறிக்கிறதா, உதவி தேடும் துயரத்தைக் குறிக்கிறதா, இரண்டையுமா என்பதைப் பிரித்தறிய மருந்து நூலறிவு மட்டும் துணைசெய்யாது. நோயை அருளெனக் கொண்டு காலம் தாழ்த்துவதும் தீங்கு. அருளை நோயெனக் கொண்டு அடைத்து வைப்பதும் தீங்கு. இரண்டையும் அறிந்து நடுநின்று கேட்கத்தக்க ஒருவரைப் பயிற்றுவித்தல் ஆடம்பரம் ஆகாது.

எனவே, ஆண்டுக்கு ஒருவருக்கேனும் இத்துறையில் உபகாரச் சம்பளம் வழங்கப்படுமாயின், அதற்குரிய தகுதிகள் மேற்கண்ட சான்றுகளிலிருந்தே பெறப்படும். தமிழில் ஆழ்ந்த பயிற்சி முதல் தகுதி. ஸ்டூவர்ட்டின் பிழை அதனை வற்புறுத்துகிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு நிகரான காலத்தைத் தோட்ட மக்களிடையிலும் அவர்தம் புதிய குடியிருப்புகளிலும் கழித்தல் இரண்டாவது. அதற்கும் உதவித்தொகையிலேயே இடம் ஒதுக்கப்பட வேண்டும். கனவையும் கதையையும் சொன்னவரின் இசைவின்றி எதனையும் வெளியிடாமையும், தம் விளக்கத்தை அவர் மறுப்பாராயின் அம்மறுப்பையும் உடன் பதிவு செய்தலும் மூன்றாவது. இது கண்ணகி கற்பித்த அறம். ஆய்வின் பயனைத் தமிழில் எழுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்கும் கிடைக்கச் செய்தல் நான்காவது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டிய ஆற்றுப்படை மரபின்படி, அவர் தமக்குப் பின் வரும் மாணவர் ஒருவரையேனும் இத்துறையில் ஆற்றுப்படுத்துதலும் வேண்டும்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது தமிழர் நம்பிக்கை. பால்மரம் வெட்டச் சென்றவர்கள் அந்த யாமத்திலேயே எழுந்து பெரட்டுக்கு நின்றனர். முடிவுறாத கனவுகளோடு இருளில் மரங்களை நோக்கி நடந்தனர். அக்கனவுகளை அவர்களிடம் அவர்கள் மொழியிற் கேட்டவர் மிகச் சிலர். அவற்றைக் கேட்டெழுத, அம்முதியோரின் பேரப்பிள்ளைகளுள் ஒருவரையேனும் பயிற்றுவித்தல் அச்சமூகத்தின் கடமையாகும்.